ஒரு டிவிடியில் அடங்காத அப்பா

திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கும் அவளைச் சக தையல்காரர்கள் சிடுமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்பா செத்த பிறகு அப்படிக் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. அவளுடைய தம்பி சிறையில் இருந்தான். அடக்கத்துக்குக்கூட அவனை விடவில்லை.

படுக்கையில் கிடந்த மாதங்களில் அப்பா மகனுக்கென்று அவள் போனில் வீடியோவாகப் பேசிப் பேசி வைத்திருந்தார். அதைத் தம்பிக்குக் காட்ட அவள் நடையாய் நடந்தாள். கடைசியில் சிறை அதிகாரிகள் சம்மதித்தார்கள். ஆனால் போன் கூடாது, பென் டிரைவ் கூடாது. பார்வையாளர் அறையில் இருக்கும் பழைய டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி ஒரே ஒரு டிஸ்க்.

வீடியோக்களை அப்படியே டிஸ்கில் ஏற்றிக்கொண்டு போனாள். பிளேயர் கரகரவென்று சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தம்பி வெறும் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் ஓடினாள்.

"கம்ப்யூட்டருக்குப் புரியறது அந்தப் பிளேயருக்குப் புரியாதும்மா. டிவிடி வீடியோவா மாத்தி எழுதணும். ஆனா இவ்வளவும் ஒரு டிஸ்க்ல அடங்காது."

"அமுக்கித் திணிக்க முடியாதா?"

"திணிக்கலாம். முகம் முகமா இருக்காது."

செய்து காட்டினார். அப்பாவின் கண்ணும் வாயும் கட்டம் கட்டமாகச் சிதறின. "வேணாம், நிறுத்துங்க!" என்று அலறிவிட்டாள்.

அப்படியானால் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது? அப்பாவின் இருமலைக்கூட விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மகனைத் திட்டிய இடங்களையெல்லாம் எடுக்கச் சொன்னாள். உள்ளே நொந்து கிடப்பவனை மேலும் நோகடிப்பானேன்?

இந்த முறை டிஸ்க் ஓடியது. சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று அப்பா விசாரித்தார். தம்பி கண் கொட்டாமல் பார்த்தான். முடிந்ததும் அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"அவ்வளவுதானாக்கா?"

"ஏன்டா?"

"ஒரு தடவைகூடத் திட்டலையே. யாரோ விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசறாரு. என்னைத் தலைமுழுகிட்டாரா?"

"திட்டினாருடா! இடம் பத்தலைன்னு நான்தான் வெட்டிட்டேன்."

"சும்மா என்னைத் தேத்தாதக்கா."

காவலர் எழுந்து நின்றார். நேரம் முடியப் போகிறது. அவள் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் போலவே மூச்சு இழுக்க, அவர் குரலில் கத்தினாள்:

"தறுதலை! மானத்தைக் கப்பலேத்திட்டு எனக்கென்னன்னு உக்காந்திருக்கியா? வெளிய வாடா, முதுகுத் தோலை உரிக்கறேன்! நான் இல்லாட்டி உங்கக்கா உரிப்பா!"

காவலர் திடுக்கிட்டுப் போனார். தம்பி அவளை உற்றுப் பார்த்தான்.

"கடைசியா சொன்னது அவரா, நீயா?"

"அவர்தான்டா. சத்தியமா."

அவன் வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அப்பா செத்த சேதி வந்தபோதுகூட அவன் அழவில்லை என்று காவலர் பிறகு அவளிடம் சொன்னார்.

சிறையிலிருந்து நேரே ஸ்டுடியோவுக்குப் போனாள். "வெட்டினதை மட்டும் தனி டிஸ்கா போட்டுக் குடுங்க" என்றாள். மறுபடி அனுமதிப்பார்களா என்று அவளுக்குத் தெரியாது.