தீக்குச்சி விற்ற பிள்ளையைக் காரில் ஏற்றிவிட்டார்கள்

கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை. தொலைக்காட்சியில் அந்தப் படம் மாலை நாலரைக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. இடையில் ஆறு முறை விளம்பரம். எழுதி வைத்திருக்கிறேன். சிவகாசியில் நாட்காட்டி அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் பிழை திருத்துவது என் வேலை. கழிவாகும் தினசரித் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் அன்றன்று நடந்ததைக் குறித்துக்கொள்வது வெகுநாள் பழக்கம். எங்கள் தாளில் ஒரு நாள் எமகண்டம் மாறி விழுந்துவிட்டால் எங்கிருந்தெல்லாமோ போன் போட்டுத் திட்டுவார்கள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வருடத்தின் கடைசி நாள், கொட்டுகிற பனியில் ஒரு ஏழைப் பிள்ளை தெருவில் தீக்குச்சி விற்கிறாள். யாரும் வாங்கவில்லை. குளிர் பொறுக்காமல் குச்சிகளை ஒவ்வொன்றாக உரசுகிறாள். ஒரு வெளிச்சத்தில் சாப்பாடு தெரிகிறது, ஒரு வெளிச்சத்தில் விளக்கு வைத்த மரம், கடைசியில் எப்போதோ செத்துப்போன அவள் பாட்டிக் கிழவி. கிழவி அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். விடிந்ததும் ஊர் பார்ப்பது எரிந்த குச்சிகளையும் விறைத்த உடம்பையும்தான். நாலு பக்கம்தான் கதை. படித்தால் நாலு நாள் சோறு இறங்காது.

இதைத்தான் சிறுவர்களுக்கான சிறப்புப் படம் என்று தமிழில் எடுத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குச்சியைச் சுவரில் உரசினாள். பற்றிக்கொண்டது! நம் ஊர் பாதுகாப்புத் தீப்பெட்டி, மேலே பூப்படம் போட்டது, படத்தில் அழகாகத் தெரிகிறது. பெட்டியின் பக்கவாட்டு மருந்தில் உரசாமல் அந்தக் குச்சி எரியாது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே. எரிந்த குச்சி ஒரு முழுப் பாட்டு முடியும்வரை அணையவும் இல்லை. நான் அடுப்படியில் ஒன்றைக் கொளுத்திப் பார்த்தேன். பதினெட்டு எண்ணுவதற்குள் விரல் சுட்டது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். செத்த கிழவியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உயிரோடு இருக்கும் தாயை வைத்ததுதான் அக்கிரமம். தாய் தூரத்து ஊரில் வேலை பார்க்கிறாளாம். கடைசிக் குச்சி அணைகிற நேரத்தில் வெள்ளைக் காரில் வந்து இறங்குகிறாள். பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு போகிறாள். அப்புறம் எல்லாரும் கேக் வெட்டுகிறார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. அவளுடைய அப்பா பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் வேலைக்குப் போகிறவர். அவர் வரும்வரை பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அம்மா அதே வேலைக்குப் போய், மூன்று வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் இறந்துவிட்டாள். அன்றைக்குப் பிள்ளையை ஆமத்தூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவளிடம், அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். தெருவே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. நானும்தான்.

போன கோடை விடுமுறையில் என் அலமாரியிலிருந்து அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்து அவளாகவே எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு வந்து கேட்டதை அன்றைய தாளில் அப்படியே குறித்திருக்கிறேன்.

“பெரியம்மா, செத்தவுக வந்தா நம்ம கூடயே இருந்திருவாகளா?”

“இல்லடா. வரவே மாட்டாக.”

“அப்ப திருப்பூருக்குப் போனவுக?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் இல்லை. அதற்குப் பிறகு அவள் திருப்பூர்ப் பேச்சை எடுக்கவே இல்லை. புரிந்துகொண்டாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து அதைக் கலைத்துவிட்டது. படம் முடிந்ததும் அவள் கேட்டாள்:

“புக்குல வேற மாரி இருந்துச்சே பெரியம்மா. எது நெசம்?”

“புக்குதான்” என்று நான் சொல்வதற்குள் வாசலில் அவளுடைய அப்பா கூப்பிட்டார். ஓடிவிட்டாள்.

அன்றைக்கே சேனலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ஒம்பதாவது பக்கமா?”

“ஆறாவது.”

“எளுதுங்க, எளுதுங்க. படிச்சுட்டு அம்புட்டுப் பேரும் மாலையோட மன்னிப்புக் கேக்க வரப்போறாக. கொஞ்சம் சர்பத் போட்டு வைக்கட்டுமா?”

“சுவத்துல ஒரசுனா குச்சி எரியுமா? நீங்களே சொல்லுங்க.”

“அது கதை. பிள்ளைக பாக்குறதுல போயி பொணத்தையா காட்டுவான்?”

அவரிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், இரண்டு நாள்.

புதன்கிழமை திருக்கார்த்திகை. எங்களுக்கு அந்த வழக்கம் இல்லையென்றாலும் தெரு முழுக்க அகல் வைப்பார்கள். நாட்காட்டி சீசன், வேலை நெருக்கடி. நான் வீட்டுக்கு வரும்போது ஐந்தரை இருக்கும். இன்னும் யாரும் விளக்கேற்றவில்லை. எதிர்வீட்டுப் படியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கரிந்த குச்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைக் கொளுத்துவாள். அது எரியும்வரை தெருமுனையைப் பார்ப்பாள். அணைந்ததும் கீழே வரிசையில் வைப்பாள். முன்னால் அகலும் இல்லை, திரியும் இல்லை.

அவர்கள் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. ஆலை வாசலில் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மறதியாக ஒரு பெட்டி பையில் இருந்துவிடக் கூடாது என்று அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை. அடுப்புக்கு லைட்டர்தான். இவள் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய், “விளக்குப் பொருத்தணும் பெரியப்பா” என்று கேட்டிருக்கிறாள். கார்த்திகையும் அதுவுமாக யார்தான் கொடுக்காமல் இருப்பார்கள்?

நான் அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்திருப்பேன். அவளுடைய அப்பாவின் வண்டி திரும்பி, தெருவின் பாதியிலேயே நின்றது. ஆலையிலிருந்து வந்ததும் அவர் வாசலுக்கு வரமாட்டார். பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்க் குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்ட பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். சட்டையில், முழங்கையில், தலைமயிரில் எல்லாம் மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி இருக்கும், பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். அன்றும் வெள்ளிபோல் மினுங்கியது. பிள்ளை கையில் குச்சி எரிந்துகொண்டிருந்தது. அவரால் கிட்டே வர முடியாது.

“ஏ தாயி! அணை! பெட்டியக் கீள போடு!”

“இன்னும் மூணுதாம்ப்பா இருக்கு.” அவள் குச்சியை ஊதி அணைத்தாள், பெட்டியை விடவில்லை. “கடைசிக் குச்சி அணையிறப்பதான் அம்மா வரும். டீவில வந்துச்சு.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மா. திருப்பூர்லருந்து.”

அகலும் எண்ணெயுமாக நின்றிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாராவது போய்ப் பெட்டியைப் பிடுங்கியிருக்கலாம். நான் போயிருக்கலாம். அவள் இன்னொரு குச்சியை எடுத்தாள். இருபதடி தூரத்தில், வண்டியைப் பிடித்தபடி, அவர் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

“அம்மா திருப்பூர்ல இல்ல, தாயி. அம்மா செத்துப்போச்சு. ஆலையில தீப்பிடிச்சுச் செத்துப்போச்சு. அப்பாதான் பொய் சொன்னேன்.”

குச்சியை உரசாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப டீவில வந்தது?”

“அதுவும் பொய்தான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “புக்குதானா பெரியம்மா?”

“புக்குதான்” என்றேன். ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டியது. கோடையிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

குச்சியைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நீங்க குளிச்சிட்டு வாங்கப்பா” என்றாள். அதுவரை அழவில்லை. அவர் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஓடிவந்து தூக்கிய பிறகுதான் அழுதாள். தெருவில் அன்று விளக்கேற்ற ஏழு மணி ஆனது.

என் வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த லெட்டரக் குடு, நானே தபால்ல சேர்த்துடுறேன்” என்றார். பழைய ஆறு பக்கத்தையும் எடுத்துவிட்டு ஒரே பக்கமாக எழுதிக் கொடுத்தேன். சுவரில் உரசியதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளை உங்கள் காருக்காகக் காத்திருந்தாள் என்று மட்டும் எழுதி, யார், எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. எங்கள் மேலான கருத்துக்கு நன்றியாம். நேயர்களின் அமோக வரவேற்பால் வரும் ஞாயிறு அதே நேரத்தில் படம் மறுஒளிபரப்பாம். எல்லாருக்கும் அனுப்புகிற அச்சடித்த பதில்தான். அதிலும் ‘ஒளிபரப்பு’ என்ற இடத்தில் ஒரு ப் விடுபட்டிருந்தது. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

அந்த ஞாயிறு அவள் நேரத்துக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்றேன். “பாக்குறேன் பெரியம்மா” என்றாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் பார்த்தாள். சுவரில் உரசிய இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைசிக் குச்சி எரிந்தது. தூரத்தில் காரின் விளக்கு தெரிந்ததும் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டாள்.

“இதுக்கு மேல பொய்” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

ஐந்து முப்பத்தெட்டு. அந்தத் தாளில் அதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.