நசுங்காத எலுமிச்சம்பழம்

வாஞ்சிநாதனுக்கு அந்த வருஷம் இருந்தது ஒரே ஓர் ஆசைதான். இனிமேல் நின்றுகொண்டு பிழைக்க வேண்டும்.

பவானிபூரில் ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் அவர் தலைமை மிஸ்திரி. டைப் அடிக்கக் கல்கத்தாவுக்கு வந்தவர். ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கார் பிரிப்பதை வேடிக்கை பார்த்துப் பார்த்து, ஒருநாள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். அப்புறம் உள்ளே வரவேயில்லை. ஊரில் சொந்தக்காரர்கள் இன்னமும் "மோட்டார் கம்பெனியிலே ஆபீஸர்" என்றுதான் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸரோ நாள் முழுக்கச் சாக்கை விரித்து, கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மேலே பார்த்தபடி ஸ்பானர் பிடித்துப் பிடித்து வலது தோள் வீணாய்ப் போயிற்று. சாதம் பிசையக் கை வரும். தலைக்கு எண்ணெய் வைக்க வராது. அதற்கு மனைவி மீனாக்ஷிதான் வரவேண்டும்.

கிடர்பூர் துறைமுகத்தில் கம்பெனிக்கு ஒரு வேலை காலியாக இருந்தது. கப்பலில் வரும் புதுக் கார்களைச் சரிபார்த்து வாங்குகிற வேலை. படுக்க வேண்டாம், தவழ வேண்டாம், குடை பிடித்துக்கொண்டு நின்றால் போதும். மானேஜர் ராஜாராமனிடம் அதைக் கேட்டுக் கேட்டு வாஞ்சிநாதனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உம்மை அங்கே அனுப்பிச்சுட்டு இங்கே யாரை வெச்சுண்டு நான் முழிக்கிறது, ஓய்?" என்பார் ராஜாராமன்.

பாராட்டுத்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் வாஞ்சிநாதனுக்கு அழுகை வரும்.

ஆவணிக் கடைசியில் நிருபேன் பாபுவின் கார் வந்து சேர்ந்தது. ஜமீன் வீட்டுப் பிள்ளை அவர். அந்த வீட்டில் எத்தனையோ கார்கள், அத்தனைக்கும் இந்த ஒர்க்ஷாப்தான். இது ஜெர்மன் சண்டைக்கு முன்னால் சீமையில் செய்த, இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். நீண்ட மூக்கும் சிவப்பு வர்ணமுமாகப் புது மாப்பிள்ளைபோல நின்றது. கியர்பாக்ஸில்தான் பல்லெல்லாம் கொட்டிப்போயிருந்தது. செய்த கம்பெனியோ சண்டையோடு மூடிவிட்டது; மாற்றுக் கியர்ப்பெட்டிக்கு வழியில்லை.

"வேறு ஏதாவது ஒரு வண்டியின் பெட்டியைப் போட்டு ஓட்டிக் கொடுங்கள். விஜயதசமிக்கு அம்மனைக் கரைக்கும்போது நான் இதில்தான் கங்கைக்கரைக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் பாபு.

ராஜாராமன் வாஞ்சிநாதனைத் தனியே கூப்பிட்டார். "இது ஓடட்டும். மறுநாளே நீர் கிடர்பூர் போகலாம். சத்தியம்."

உடைந்த டாக்ஸி ஒன்றிலிருந்து கியர்பாக்ஸ் எடுத்தார்கள். அது இந்தக் காரில் உட்காருவேனா என்றது. எஞ்ஜினுக்கும் அதற்கும் நடுவே கொடுக்கத் தடித்த இரும்புத் தகடு ஒன்று கடைய வேண்டியிருந்தது. குறுக்குச் சட்டத்தை வெட்டி, பின்சக்கரத்துக்குப் போகும் தண்டையும் குறைத்தார்கள். பொருத்தினால் உரசும், இறக்கி, ராவி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கனத்தை மார்பின்மேல் தாங்கிக்கொண்டு கிடக்கையில், இப்படியே கண்ணை மூடிக்கொண்டுவிட்டால் என்ன என்றுகூட வாஞ்சிநாதனுக்குத் தோன்றியதுண்டு. நவராத்திரி வந்ததும் மற்றவர்கள் துர்கா பூஜைக்கு வீட்டுக்குப் போய்விட, ஃபிட்டர் ஹரிபதா மட்டும் கூட நின்றான்.

புதுப் பெட்டி மாட்டினால் வாஞ்சிநாதனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கியரைப் போட்டு, முன்னாலிருந்து எஞ்ஜினைக் கையால் சுற்றச் சொல்லி, சக்கரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். எந்த வண்டிக்கும் அதை விட்டதில்லை. ஆனால் நவமியன்று கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு அவர் வெளியே வந்தபோது, ஜாக்கி குளித்துச் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு, ஸ்பானர்களோடு சரஸ்வதி படத்தின் முன்னால் பெஞ்சில் வீற்றிருந்தது. வங்காளிகளின் விஸ்வகர்மா பூஜை போதாதென்று ஆயுத பூஜையையும் அந்த ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தவர்கள் ராஜாராமனும் வாஞ்சிநாதனும்தான்.

"பூஜையிலே வெச்சதை எடுக்கப்படாது, ஓய். நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றார் ராஜாராமன், கற்பூரத் தட்டும் கையுமாக.

வாஞ்சிநாதன் சாக்கைச் சுருட்டி வைத்தார். உள்ளதைச் சொன்னால், அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. இன்றைக்கு இன்னொரு தரம் சாக்கில் படுக்க வேண்டாமே!

மறுநாள் காலை புனர்பூஜை முடிவதற்குள்ளேயே நிருபேன் பாபு கொசுவிய வேஷ்டியும் அத்தருமாக வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ராஜாராமன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"ஒரு நிமிஷம். ஜாக்கி வெச்சு ஒரு சுத்துப் பாத்துடறேனே" என்றார் வாஞ்சிநாதன்.

"ராகுகாலம் வந்துடும், ஓய். உம்ம கை பட்ட வண்டியிலே பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

பாபு கியரைப் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தார். கார் விருட்டென்று பின்னால் பாய்ந்தது. பின்னாலிருந்த பூஜை பெஞ்ச் கவிழ்ந்தது, குத்துவிளக்கு உருண்டது, பொரியும் கடலையும் ஸ்பானர்களும் தரையெல்லாம் சிதறின. சக்கரங்கள் நின்றிருந்த இடத்தில் எலுமிச்சம்பழங்கள் கீறல் படாமல் உட்கார்ந்திருந்தன.

வாஞ்சிநாதனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பழைய பெட்டியில் எஞ்ஜின் ஒரு பக்கம் சுற்றினால் வெளியே வரும் தண்டு எதிர்ப்பக்கம் சுற்றும். பின் அச்சும் அதற்கு ஏற்றபடி செய்தது. புதுப் பெட்டியில் இரண்டும் ஒரே பக்கம். எந்தக் கியர் போட்டாலும் வண்டி பின்னால்தான் போகும். ரிவர்ஸ் போட்டால் மட்டும் சமர்த்தாக முன்னே வரும். ஜாக்கியில் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

பாபு கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். அதைத்தான் வாஞ்சிநாதனால் தாங்க முடியவில்லை. பாபு வாடகை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனபிறகு, ராஜாராமன் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று வாஞ்சிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உமக்கு முடியலை, ஓய். நான்தான் உம்மைப் பிழிஞ்சுட்டேன்" என்றார் ராஜாராமன், ஒருநாளும் இல்லாத மெல்லிய குரலில். "நாளைலேர்ந்து கிடர்பூர் போயிடும். இதை ஹரிபதா பாத்துப்பான்."

வருஷமெல்லாம் கேட்டது கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டும். வாஞ்சிநாதன் சாக்கை எடுத்து விரித்தார்.

"இதை முடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

பின் அச்சைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும். ஹரிபதா எவ்வளவோ கெஞ்சியும் அவர் எழுந்து இடம் கொடுக்கவில்லை. தெருவில் அம்மன் ஊர்வலங்கள் மேளமடித்துக்கொண்டு கங்கைக்குப் போய்க்கொண்டிருந்தன. பொழுது சாயும் நேரத்தில் கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஒழுங்காக முன்னே போயிற்று. பார்க்க ஹரிபதாவைத் தவிர யாருமில்லை.

வீட்டில் மீனாக்ஷி வாசலிலேயே கேட்டாள். "ஏன்னா, கிடர்பூர் என்னாச்சு?"

"கெடச்சுடுத்து."

"அம்மாடி! இனிமே படுத்துண்டு வேலை பண்ண வேண்டாம். அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

வாஞ்சிநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒழுங்காப் பண்ணினவரைக்கும் தரலைடி. தப்புப் பண்ணினதும் தந்துட்டா."

அவள் எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவர் தோளில் தேய்க்க ஆரம்பித்தாள். பாதித் தேய்ப்பிலேயே அவர் உட்கார்ந்தபடி தூங்கிப்போனார்.