மகளின் செடியை நான் அழுகவிட்டது

ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது இது. என் எழுத்து கோடு தாண்டி ஓடும். ஒற்று எங்கே வரும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடமாகக் கழிவறை கழுவுகிறேன். அங்கே எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டாது. பக்கத்து ஊரான பாயா ரும்புட்டில் என் வீட்டு ஜன்னலோரம் இருந்த ஒரு பூந்தொட்டியைப் பார்த்துத்தான் குமட்டியது.

அது என் மகளின் செடி. பாலைவனத்துச் செடியாம். தடித்த சாம்பல் பச்சை இலைகள், தாமரை போல அடுக்கடுக்காக இருக்கும். ஒரே ஓர் இலையை மண்ணில் வைத்து மூன்று வருடம் வளர்த்திருந்தாள். பினாங்குக்கு வேலைக்குப் போனபோது, தங்கும் அறையில் வெளிச்சம் இல்லை என்று என்னிடம் விட்டுப்போனாள்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஊத்துனா போதும்பா. மண்ணு நல்லா காஞ்ச பிறகு."

போதும் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. விருந்தாளி இலைமேல் கையை விரித்து மறைத்தாலும் இன்னொரு கரண்டி சோறு வைப்போம். வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு. எங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் மகளும் அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஒரு குவளை ஊற்றினேன், கறிவேப்பிலைக்கு ஊற்றுவது போல அரிசி கழுவிய தண்ணீர்.

"அவதான் வேணாம்னு சொன்னாளே," என்றாள் மனைவி.

"பிள்ள அப்படித்தான் சொல்லும்லா. அதுக்காகக் காயப் போடுறதா?"

ஒரு மாதத்தில் கீழ் இலைகள் வெந்த வெங்காயம் போல ஆயின. தொட்டால் கழன்று விரலில் ஒட்டின. சின்னக் கறுப்பு ஈக்கள் மண்ணிலிருந்து கிளம்பி என் தேநீரில் விழுந்தன. கூடத்தில் மீன் கழுவிய தண்ணீர் நாற்றம்.

ஞாயிறுதோறும் மகள் தொலைபேசியில் கூப்பிடுவாள். செடி எப்படி என்று கேட்டால், நல்லா இருக்கும்மா என்பேன். ஒருநாள் படம் கேட்டாள். அவள் புறப்பட்ட அன்று எடுத்த பழைய படத்தை அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அந்தப் படத்துல ஜன்னல்ல பழைய திரைதானே தொங்குது? அம்மா தீபாவளிக்கு மாத்திட்டேன்னாங்களே."

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். புதுத் திரைதான் தொங்கியது.

"செத்துப்போச்சுன்னா சொல்ல வேண்டியதுதானேப்பா. என்கிட்ட எதுக்குப் பொய்?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அன்றே தொட்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். வேர் என்று ஒன்றும் இல்லை. பழுப்பாக, சளிபோல, இழுத்தால் நூலாக வந்தது. வேலையில் கையுறை இல்லாமல் எத்தனையோ அள்ளியிருக்கிறேன். இதை அள்ளும்போது ஓங்கரித்து வந்தது. அங்கே அள்ளுவது மற்றவர்களுடையது. இது நான் செய்தது. தினமும் பெருமையாக ஊற்றி ஊற்றிச் செய்தது. கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவியும் சாப்பாட்டில் அந்த நாற்றம் அடித்தது. பெற்ற பிள்ளையை ஏமாற்றிய அந்தப் படத்தை நினைத்தால் அதைவிட மோசமாகக் குமட்டியது.

நுனியில் மட்டும் ஐந்து இலை கெட்டியாக இருந்தது. கத்தியால் வெட்டிப் பழைய பேப்பரில் உலர வைத்தேன். வெட்டுவாய் காய்ந்த பிறகு வறண்ட மணலில் நட்டேன். இதெல்லாம் தொழிற்சாலையில் தோட்டவேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. கூச்சத்தில் அவரிடம் போய்ப் பேசவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

இரண்டு ஞாயிறு மகள் கூப்பிடவில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். எனக்குத் தொலைபேசியில் பேச்சு வராது. மூன்றாவது ஞாயிறு நானே கூப்பிட்டேன். தினமும் தண்ணீர் ஊற்றியதை, அழுகியதை, வெட்டியதை எல்லாம் சொன்னேன்.

"வேர் விட்டிருக்காப்பா?"

விட்டிருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. நேத்து இன்னும் ரெண்டு இலை விழுந்துடுச்சு."

"சரி. அடுத்த வாரம் கூப்பிடுறேன்," என்றாள்.

எழுதியது: 14 டிசம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை.