செக்‌ஷனில் பூத்த உப்பு

1. மறுபடியும் குழிக்குள்

யுத்தம் முடிந்ததும், ராணுவ ஸ்டோரில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்த என்னை அகழாய்வுக்கே திருப்பி அனுப்பினார்கள். புன்னைக்காயலுக்குப் பக்கத்தில் ஒரு மேடு. குழிக்கு ஏணி இருந்தது, நான் குதித்தேன்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஆபீசர் மேலே நின்றபடி சொன்னார்: "யுத்தம் பூரா உன் கையில மண்ணு படல, தம்பி. மத்தியானத்துக்குள்ள லேயரைப் பிரிச்சுக் காட்டு. முடியலேன்னா, ஆபீஸ்ல லேபிள் ஒட்டுற வேலை காலியா இருக்கு."

மறுபடியும் நாற்காலியா!

குழியின் செங்குத்துச் சுவரைத்தான் செக்‌ஷன் என்போம். அதில் காலம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும்; ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். ஆனால் கடற்காற்றில் காய்ந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. தண்ணீர் தெளித்தால் நிறம் பிரியும். கூடை சுமக்கும் ரோசம்மாக்காவிடம் கேட்டேன்.

"குடிக்கதுக்கே ஊருல சண்டை நடக்கு. நீங்க சுவத்தைக் குளிப்பாட்டப் போறியளாக்கும்?"

என்றாலும் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். தெளித்தேன். கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று மூன்று லேயர்! கத்தியால் எல்லை கீறக்கூட நிற்காமல் ஆபீசரைக் கூட்டிவர ஓடினேன். அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

2. வெள்ளைச் சுவர்

சுவர் முழுக்க வெள்ளை பூத்திருந்தது.

"என்னப்பா, உப்பளம் போட்டிருக்கியா?" என்றார் ஆபீசர்.

"யக்கா, எந்தத் தண்ணி அது?" என்று ரோசம்மாக்காவைக் கேட்டேன்.

"கடலு ஏறுன ஆத்துத் தண்ணிதான். சுவரு நல்ல தண்ணி கேட்டுச்சாக்கும்?"

குழியைச் சுற்றி ஒரே சிரிப்பு. சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தவன் அப்படியே நின்றேன். வெள்ளை ஒரே சீராக இல்லை. மணலில் லேசாகத் தூவினாற்போல இருந்தது. களிமண்ணில் தடித்துப் பூத்திருந்தது. மணல் லேயரின் நடுவே நூல் பிடித்ததுபோல மட்டமாக, தடித்த ஒரு வெள்ளைக் கோடு. ஈரத்தில் அது என் கண்ணில் படவே இல்லை.

"சார், மூணு இல்ல, நாலு! மணலுக்குள்ள இவ்வளவு மட்டமா களிமண்ணுன்னா, இது மெழுகின வீட்டுத் தரை!"

ஆபீசர் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினார். கோட்டுக்கு மேலிருந்த மணலைக் கத்திமுனையால் தள்ளினார். கெட்டியான தரை எட்டிப் பார்த்தது.

"லேபிள் ஒட்ட வேற ஆளைத்தான் தேடணும்" என்றார்.

"அப்போ இன்னொரு குடம் கொண்டாரட்டா?" என்றாள் ரோசம்மாக்கா.

"வேண்டாம்!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, தெளிக்கிற தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். அப்படியும் சுவர் கெட்டுப்போனால், சுரண்டுவதற்கு முன் கெட்டுப்போன சுவரையும் ஒரு டிராயிங் போட்டுவிடுங்கள். அன்று பொழுது சாயும்வரை நான் வரைந்தது அதைத்தான்.