முதல் கிளாஸ் மேசைக்கு வரும் வரை

அடுத்த மேசைக்கு நமக்கு முன்னால் பீர் வந்துவிட்டால் எனக்கு வயிறு எரியும். நமக்குப் பிறகு வந்து உட்கார்ந்தவர்களாக இருந்தால் இன்னும் எரியும். அவர்கள் கேட்டது உசத்தி சரக்காக இருந்துவிட்டால் அன்று நான் குடிப்பது எதுவும் உள்ளே இறங்காது. இதை ஒருமுறை மனைவியிடம் சொன்னேன். "குடிக்கப் போற எடத்துலயும் நிம்மதி இல்லைன்னா எதுக்குத்தான் போறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுக்காரன் கேட்ட ஷூ, கேட்ட தோலில், கேட்ட நிறத்தில், கேட்ட தேதிக்குள் கன்டெய்னரில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்கிற வேலை. என்னோடு அதே வேலையில் சேர்ந்தவன் என் நண்பன். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஆளிடம் திட்டு வாங்கி வேலை கற்றுக்கொண்டோம். பிறகு அவன் மேலே போய் எனக்கே மேனேஜர் ஆனான். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கன்டெய்னர் அன்று சாயங்காலம் அவன் என்னோடுதான் உட்காருவான், வேறு யாரோடும் இல்லை. அந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

கன்டெய்னர் அன்று என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். பெட்டிகளை அடுக்கி, கதவைச் சாத்தி, சீல் போட்டு லாரி கம்பெனி கேட்டைத் தாண்டியதும் நாங்கள் இருவரும் வேலூர் பஸ் ஏறுவோம். ஆம்பூரிலேயே குடிக்க முடியாதா என்றால் முடியாது. எங்கள் முதலாளிகள் தொழுகை தவறாதவர்கள். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். சாயங்காலம் தெருவில் கொஞ்சம் தள்ளாடினால் மறுநாள் காலை கட்டிங் செக்‌ஷனில் இருக்கிற அக்காக்கள் வரை விஷயம் போய்விடும். வேலூர் என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க் கூட்டத்தில் நாங்களும் கலந்துவிடலாம். திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு கை சோம்பை மென்றுகொண்டே வருவோம்.

அங்கே எங்களுக்கு ஒரு சட்டமும் உண்டு. முதல் கிளாஸ் மேசைக்கு வரும் வரை கம்பெனி பேச்சை எடுக்கக் கூடாது. போட்டது நான்தான். நண்பனுக்கு வாயைத் திறந்தால் தையல் பிரிந்தது, சோல் ஒட்டவில்லை, பையர் மெயில் போட்டான் என்று இதுதான் வரும். பஸ்ஸிலும் அதையே கேட்டுக்கொண்டு வர என்னால் ஆகவில்லை. அதனால் பஸ்ஸில் வீட்டுக் கதை, கிரிக்கெட், ஊர் வம்பு. கிளாஸ் வந்த பிறகு என்ன வேண்டுமானாலும் பேசலாம். அந்தக் காலத்தில் இந்தச் சட்டத்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை. நாங்கள் வழக்கமான பாரின் மாடி ஏறுவதைப் பார்த்ததுமே சப்ளையர் இரண்டு பீரும், கேட்காமலே ஒரு தட்டு சுண்டலும் கொண்டு வந்து வைத்துவிடுவார்.

அந்த பார் இப்போது பப் ஆகிவிட்டது. லாட்ஜுகள் நிறைந்த தெருவுக்குப் பின்னால், அதே ஓட்டலின் அதே மாடிதான். சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, நீல விளக்கு போட்டு, முதுகு சாய முடியாத உயர நாற்காலிகளைக் கொண்டு வந்து வைத்தார்கள். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனிடமே கத்த வேண்டும். பழைய சப்ளையர்கள் யாரும் இல்லை. கறுப்புச் சட்டை போட்ட இளைஞர்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள், நம்மைத் தவிர எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். சுண்டல் போய்விட்டது. வேர்க்கடலைக்கு மசாலா தூவி அதற்கு ஒரு விலை. மெனு கார்டு இருந்தவரை பழைய விலைமேல் புதுவிலை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், நகத்தால் கீறிப் பார்த்து வயிறெரியவாவது வழி இருந்தது. இப்போது மெனுவைப் பார்க்க மேசையில் ஒட்டிய க்யூஆர் கட்டத்துக்குப் போனைக் காட்டச் சொல்கிறார்கள். போன மாதம் என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. பீர் ஏறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஏறாத மாதம் எது? போதாததற்கு 'ஆம்பூர் பிரியாணி' என்று சீரகச் சம்பாவுக்குப் பதில் பாசுமதி அரிசியில் ஏதோ தருகிறார்கள். ஆம்பூர்க்காரனான என் முகத்துக்கு நேரே கொண்டு வந்து வைக்கிற தைரியத்தைப் பாருங்கள்.

இவ்வளவு ஆன பிறகும் நாங்கள் அங்கேதான் போனோம். வேறு இடம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்வேன். "உடுடா, பழகின எடம்" என்பான் நண்பன்.

சென்ற வருடம் எங்கள் பெரிய பையர் சென்னையில் தனி ஆபீஸ் திறக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள என் நண்பனைக் கேட்டிருந்தார்கள். அவனும் சரி என்று சொல்லிவிட்டான். தனக்குத் துணையாக இங்கிருந்து ஒருவரை அழைத்துப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்களாம். இது கம்பெனி முழுக்கத் தெரியும். அந்த ஒருவர் யார் என்பதுதான் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவியிடம் சென்னையில் வாடகை எப்படி இருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டும் வைத்தேன். நண்பனுக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை என்பதிலிருந்து எந்த பையருக்கு எப்படி மெயில் எழுதினால் கோபம் வராது என்பது வரை தெரிந்தவன் நான். என்னை விட்டால் யார்?

ஆனால் உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் ஆலங்காயத்துக்காரன். எங்கள் டிபார்ட்மென்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் சில வருடம் ஆக்ராவில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவன். இந்தி தண்ணீர் மாதிரி வரும். முப்பது வயது, சட்டையை இன் செய்து, எப்போதும் இப்போதுதான் குளித்து வந்தவன்போல் இருப்பான். என்னை "சார்" என்பான். என் நண்பனை மட்டும் "அண்ணா" என்பான். அந்த அண்ணாவைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ சுருக்கென்று குத்தும்.

அந்தப் பெரிய பையரின் ஆர்டரில் கடைசி கன்டெய்னர் போன அன்று நண்பன் என்னிடம் வந்து, "இன்னிக்கு வேலூர் போலாம். ஒரு விஷயம் சொல்லணும்" என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பக்கத்தில் ஆலங்காயத்துக்காரன் நிற்கிறான்.

"இவனும் வர்றான்டா" என்றான் நண்பன், ஏதோ குடை எடுத்து வந்ததைச் சொல்வதுபோல.

எங்கள் பஸ்ஸில் மூன்றாவது ஆள் ஏறியது அதுதான் முதல் தடவை. மூவர் உட்காரும் சீட்டில் அவன் ஜன்னல் ஓரம், நண்பன் நடுவில், நான் விளிம்பில். பள்ளிகொண்டா வரை அவர்கள் இருவரும் ஆக்ரா குளிரைப் பற்றிப் பேசினார்கள். நான் ஆக்ரா போனதில்லை. கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாடி ஏறி உட்கார்ந்ததும் நான் கையைத் தூக்கினேன். ஒருவன் பார்த்துவிட்டுப் போனான். இன்னொருவனை, "பாய், ஜரா இதர் ஆவ்" என்று எங்கள் ஊர் உருதுவில் கூப்பிட்டேன். "ஏக் மினிட் சார்" என்று சொல்லிவிட்டு எங்களுக்குப் பிறகு வந்து உட்கார்ந்த கல்லூரிக் கூட்டத்திடம் போய் நின்றான். போனைக் கட்டத்தின்மேல் காட்டினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாடா விஷயம்? சொல்லு" என்றேன் நண்பனிடம்.

அவன் சிரித்தான். "கிளாஸ் வரட்டும். ரூல் உன்னுதுதானே?"

என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆலங்காயத்துக்காரனுக்கு எதுவும் புரியவில்லை. "இன்னா ரூல் அண்ணா?" என்று கேட்டான். நண்பன் அவனுக்கு எங்கள் சட்டத்தை விளக்கினான். அது எப்படி வந்தது, பஸ்ஸில் நான் எப்படி எரிந்து விழுந்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தான். எங்கள் இருவருக்கு மட்டும் என்று இருந்த ஒன்றை இப்படி எடுத்து அவன் கையில் கொடுத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு ஆலங்காயத்துக்காரன் லேசாகத் திரும்பி, குரலை உயர்த்தாமல், இந்தியில் ஏதோ சொன்னான். நடந்துகொண்டிருந்த சப்ளையர் நின்றான். திரும்பி வந்தான். சிரித்தான். எந்த ஊர், எந்த ஜில்லா என்று இருவரும் விசாரித்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடமாக வந்துபோகிற எங்களைத் திரும்பிப் பார்க்காதவன், இவனிடம் குனிந்து நின்று ஆர்டர் எடுத்தான்.

"பாத்தியா? எப்படிப் பேசறான் பாரு" என்றான் நண்பன் என்னிடம். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாரிடமாவது இப்படி அவன் சொல்லியிருப்பானா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

"ஆர்டர் எடுக்கறதுக்கு இன்னா? கொண்டாந்து வெக்கறதுதான் பேஜாரு. இப்போ பாரு, அரை மணி ஆகும்" என்றேன்.

நேரம் போனது. பாட்டு மாறியது. கல்லூரிக் கூட்டத்துக்கு ஒரு ரவுண்டு வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. கிளாஸ் வந்தால்தான் அவன் வாயைத் திறப்பான். கிளாஸை வரவைக்க ஆலங்காயத்துக்காரனை விடக் கூடாது, நான்தான் வரவைக்க வேண்டும். அது ஏன் அவ்வளவு முக்கியமாகத் தோன்றியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. "இருங்க, நானே வாங்கியாறேன்" என்று எழுந்தேன்.

"சார், அவன் கொண்டாந்துருவான் சார்" என்றான் ஆலங்காயத்துக்காரன்.

"உனக்கு இந்த எடம் தெரியாதுபா" என்று சொல்லிவிட்டுக் கவுன்டருக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்தவன் தமிழ்நாட்டுக்காரன்தான். "டேபிள்லதான் சார் சப்ளை. இங்க தர மாட்டோம்" என்றான். நான் எத்தனை வருட கஸ்டமர் என்று சொன்னேன். முன்பு சுண்டல் சும்மா கொடுத்ததைச் சொன்னேன். மாதாமாதம் விலையை ஏற்றுகிறீர்களே, ஏற்றிய விலைக்கு ஒரு ஆளையாவது ஒழுங்காக அனுப்ப முடியாதா என்று கேட்டேன். ஆம்பூர் பிரியாணியில் யார் பாசுமதி போடச் சொன்னது என்றுகூடக் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். அவன் என் தோளுக்கு மேலே எங்கள் மேசையை எட்டிப் பார்த்தான். பிறகு, "சார், உங்க டேபிளுக்கு அப்பவே போய்ட்ச்சு சார்" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். மேசையில் மூன்று கிளாஸ் நிரம்பி நின்றது. ஆலங்காயத்துக்காரன் எழுந்து நின்று என் நண்பனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் போய் உட்கார்ந்தேன். உட்கார்வதைத் தவிர வேறு என்ன செய்வது?

"கிளாஸ் வந்துச்சு, சொல்ட்டேன்" என்றான் நண்பன் சந்தோஷமாக. "இவன சென்னைக்குக் கூட்டினு போறேன்டா. ஆக்ரா, கான்பூர் பக்கம்லாம் பையர் ஷூ வாங்கப் போறான். இவன் இருந்தா எனக்குப் பாதி வேலை கம்மி. இன்னொண்ணு, இங்க என் சீட்டுக்கு உன் பேரத்தான் சொல்லியிருக்கேன். முதலாளியும் சரின்னுட்டாரு. இனிமே நீதான் மேனேஜரு."

"வாழ்த்துகள் சார்" என்றான் ஆலங்காயத்துக்காரன். உண்மையாகவே மகிழ்ந்துதான் சொன்னான். அவனை வெறுக்க எனக்கு அந்த ஒரு வசதிகூட இல்லாமல் போயிற்று.

பல வருடம் நான் பொறாமைப்பட்ட நாற்காலி அது. அது கிடைத்துவிட்டது என்று அவன் சொல்லும்போது எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆலங்காயத்துக்காரனின் முகத்தை. சென்னையில் இனி சாயங்காலம் யாரோடு யார் உட்காருவார்கள் என்பதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா" என்றேன்.

"எத?"

"வர்றியான்னு."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். யோசித்தான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "சத்தியமா சொல்றேன்டா, உன்னக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான்.

என்னை வேண்டாம் என்று தள்ளியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எங்கள் இருவரையும் எடை போட்டுப் பார்த்து ஆலங்காயத்துக்காரன்தான் கனம் என்று முடிவு செய்திருந்தால் திட்டியிருப்பேன். அவன் எடை போடவே இல்லை.

ஆலங்காயத்துக்காரன் தலையைக் குனிந்துகொண்டு கடலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"ஏன், நீ வந்திருப்பியா?" என்று கேட்டான் நண்பன்.

"சேச்சே, நான் எங்க வர்றது? பசங்க படிப்பு, வீடு எல்லாம் இங்க" என்றேன்.

"அதான" என்றான் அவன். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான்.