பெரிய வெள்ளியன்று வந்த வாத்து

கெலமங்கலத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டியிருந்த வேதக்கார ஊர் ஒன்றில் அருள்ஜோசப் உபதேசியாராக இருந்தார். பங்குச் சுவாமியார் பல ஊர்களைச் சுற்றி வருபவர். அவர் இல்லாத நாளில் கோயிலில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் இவர் பொறுப்பு. கணீரென்ற குரல். தவக்காலத்தில் கறி தின்றவன் யார், பூசைக்கு வராதவன் யார் என்று பெயர் சொல்லியே கண்டிப்பார். ஊரார் அவருக்குக் கொஞ்சம் பயந்துதான் நடந்தார்கள்.

1956ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளி. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வெயிலில் சிலுவைப்பாதை நடத்திவிட்டு வீடு திரும்பினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் ராமப்பன் நின்றிருந்தான். ஏரியில் வலை வைத்துக் கிளுவை வாத்து பிடிப்பவன். அவன் மகளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு நன்றியாக ஒரு வாத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"எத்துக்குங்க சாமி. காலைல வலையில உயுந்தது. நல்ல கொழுப்பு" என்றான். வேதக்காரர் நாள் கிழமையெல்லாம் அவனுக்குத் தெரியாது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டார். உள்ளே போய் மனைவி லூர்தம்மாளிடம் நீட்டினார்.

"இன்னிக்கா?" என்றாள் அவள்.

"நாளைக்கு வெச்சா நாறிப்போயிடும். கதவச் சாத்திட்டு ஆக்கு."

கறி ஆகாத நாள், ஊரில் ஒரு வீட்டிலும் தாளிக்கிற வாசனை இல்லாத நாள் அது. லூர்தம்மாள் அடுப்புப் பக்கத்தில் வேப்பந்தழையைப் போட்டுப் புகைய விட்டாள், மசாலா வாசனை தெருவுக்குப் போகாமலிருக்க. வாத்தை உரிக்கும்போது அதன் காலில் ஒரு வளையம் கிடைத்தது. ஈயம்போல வெளுத்து, எடையே இல்லாமல் இருந்தது. மேலே ஏதோ எழுத்தும் எண்ணும். அதைக் கழற்றித் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள். அருள்ஜோசப் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சுவாமியார் சனங்களை உட்கார வைத்தார். பம்பாயில் பறவைகளைப் பற்றி ஆராய்கிற ஒரு சங்கத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது.

"மழை முடிஞ்சு நம்ம ஏரிக்கு வர்ற வாத்தெல்லாம் எங்கிருந்து வருதுன்னு யாருக்காவது தெரியுமா? இமயமலைக்கு அந்தப் பக்கம், பனி நாட்டிலிருந்து வருது. எந்த வழியா வருது, எத்தனை வருஷம் உயிரோட இருக்குதுன்னு படிச்சவங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் அங்க குஞ்சோட காலில் வளையம் போட்டு விடறாங்க. பறவை பின்னாலேயே அவங்க ஓடிவர முடியுமா? இங்க ஏரிக்கரையில இருக்கிற நீங்கதான் சொல்லணும். வளையம் கிடைச்சா கொண்டாங்க. எந்த இடம், எந்த நாள், இது ரெண்டும் போதும். கொன்னதுக்காக யாரும் கோபிக்க மாட்டாங்க. பொய் மட்டும் வேண்டாம்."

அருள்ஜோசப் மனைவி பக்கம் திரும்புவதற்குள் லூர்தம்மாள் எழுந்து வந்துவிட்டாள். சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டி, "இதுதானுங்களா சாமி?" என்றாள். யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று சாமியே சொன்ன பிறகு அவளுக்கு அதில் ஒரு வம்பும் தோன்றவில்லை.

சுவாமியார் முகம் மலர்ந்தது. "இதேதான் அம்மா. எப்போ கிடைச்சது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அருள்ஜோசப் முந்திக்கொண்டார். "அது ரொம்ப நாளாயிடுச்சுங்க சாமி. போன வருசம் பொங்கல் சமயம்."

இந்த வருஷம் என்று சொன்னால் யாராவது ராமப்பனைப் போய்க் கேட்டுவிடக்கூடும் என்றுதான் அவ்வளவு தள்ளிச் சொன்னார். பழங்கதையை யார் கிளறப்போகிறார்கள்? லூர்தம்மாள் ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவாமியார் வளையத்தைப் பம்பாய்க்கு அனுப்பினார். ஐப்பசியில் பதில் வந்தது. சுவாமியார் ஆசையாக அதைக் கோயிலுக்கே கொண்டுவந்து, பூசைக்குப் பிறகு எல்லாரும் கேட்கும்படி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சைபீரியாவில் ஒரு பெரிய ஏரி. அங்கே இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சாக இருந்தபோது அதன் காலில் வளையம் போட்டிருக்கிறார்கள். போன வருஷம் ஜூலை மாதம்.

அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். கடிதத்தை மறுபடி பார்த்தார்.

"உபதேசியாரே, முட்டையிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே அது உங்க வீட்டுக்கு வந்திருக்கே."

சனங்கள் சிரித்தார்கள். சுவாமியாரும் சிரித்தார். அருள்ஜோசப் மட்டும் தரையைப் பார்த்தார். "மறந்துபோச்சுங்க" என்றபோது அந்தக் கணீர்க் குரல் எங்கேயோ போயிருந்தது.

"நல்லா நினைச்சுப் பாருங்க. சரியான தேதி இல்லேன்னா அது வெறும் தகரம். அத்தனை தூரம் பறந்து வந்தது வீணாப்போகும்."

அருள்ஜோசப் யோசிப்பவர்போல நின்றார். இன்னொரு தேதியைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து லூர்தம்மாளின் குரல் வந்தது.

"பெரிய வெள்ளிங்க சாமி. இந்த வருசம். நான்தான் ஆக்குனேன். அவருக்குத் தெரியாது."

சிரிப்பு அடங்கிவிட்டது. சுவாமியார் அந்த நாளை மட்டும் குறித்துக்கொண்டு வெளியே போனார். உண்மையான தேதியைச் சொன்ன அதே மூச்சில், புருஷனுக்காக அவள் ஒரு பொய்யையும் சொல்லியிருந்தாள். அதை மறுக்க அருள்ஜோசப்புக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வரவில்லை.

அன்று முதல் ஊரில் அவளுக்கு 'வாத்துக்காரி' என்று பெயர். கிணற்றடியில் அவள் போனால் பேச்சு நின்றது. ஒரு ஞானஸ்நான விருந்தில் அரிசி களையப் போனவளை, "நீ உடு, நாங்க பாத்துக்கிறோம்" என்று விலக்கினார்கள். அவள் வீட்டில் வந்து அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. சோறு போடும்போது தட்டை எப்போதும்போல அவர் முன்னால் நகர்த்தினாள். அவருக்குத்தான் இறங்கவில்லை. ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று, "என் பாவமே, என் பாவமே" என்று மார்பில் தட்டிக்கொண்டு செபத்தை எடுத்துக் கொடுத்தார். பின்னால் அவளும் சொல்வது அவர் காதில் தனியாகக் கேட்கும்.

மாசி மாதம் பம்பாயிலிருந்து அச்சடித்த அட்டை ஒன்று வந்தது, லூர்தம்மாள் பெயருக்கே. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அவரிடம் கொடுத்து, "என்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷை வைத்துப் படித்தார். "வளையம் அனுப்புனதுக்கு நன்றி. நீ சொன்ன தேதி துல்லியமா இருந்ததால ரொம்ப உபயோகம்னு…"

"துல்லியம்னா?"

"பொய் கலக்காததுன்னு அர்த்தம்."

"ஓ" என்று அட்டையை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டுச் சாணம் அள்ளப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அவர் திரும்பிச் சனங்களைப் பார்த்து நின்றார். "அன்னிக்கு வாத்த வாங்குனது நான். ஆக்கச் சொன்னது நான். தின்னது நான் மட்டும். அவ தொடக்கூட இல்ல. தேதிய மாத்திச் சொன்னதும் நான்தான்." யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. அவர் ஒருகாலத்தில் பெயர் சொல்லிக் கண்டித்த ஒரு கிழவன் முதலில் எழுந்து போனான். சுவாமியார் அந்தத் தவக்காலம் முழுவதும் அவரைப் பீடத்தருகே வர வேண்டாம் என்றார். அருள்ஜோசப் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்து மற்றவர் சொல்லும் செபத்துக்குப் பதில் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "சொல்லிட்டேன்" என்றார் மனைவியிடம், ஏதோ ஒன்றை எதிர்பார்த்து.

"கேட்டுகினுதான இருந்தேன்" என்றாள் அவள். "நாலு மாசம் ஆச்சு உங்களுக்கு." சொல்லிவிட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். திட்டியிருந்தால் அவருக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

உபதேசியார் வேலை ஈஸ்டருக்குப் பின் திரும்பக் கிடைத்தது. ஆனால் யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கும் வாய் அதன்பின் அவருக்கு வரவில்லை. அடுத்து வந்த குளிர்காலத்தில் ராமப்பன் இரண்டு வளையங்களோடு வந்தான். கூட அக்கரை ஊர்க்காரன் ஒருவன். இருவரும் அவரைத் தாண்டிப் போய் லூர்தம்மாளிடம்தான் கொடுத்தார்கள். எங்கே, என்றைக்கு என்று அவள் கேட்டாள். அக்கரைக்காரன் கொஞ்சம் தயங்கினான். ஏரிக் குத்தகைக்காரனுக்குத் தெரியாமல் வலை வைத்திருப்பான்போல.

"யாரு வலைன்னு நான் கேக்கல. நாளு மட்டும் சரியா சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். அவள் அருள்ஜோசப் பக்கம் திரும்பி, "எழுதுங்க" என்றாள். அவர் தலை நிமிராமல், அவள் சொன்னபடியே எழுதினார்.