ஒன்றரை அடி உயரக் கட்டடம்

“உங்களுக்கு எந்த வயது வேணும், பிள்ளை?” என்று அந்த அம்மா கேட்டபோது நான் பேனையை மூடி மடியில் வைத்துவிட்டேன்.

அவரிடம் மூன்று வயதுகள் இருந்தன. ஞானஸ்நான அத்தாட்சியில் ஒன்று. தமிழ்நாட்டு முகாமில் ஒரு அதிகாரி முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதிய அட்டையில் இன்னொன்று. ஊர் திரும்பிய பிறகு எடுத்த அடையாள அட்டையில் வேறொன்று. மூன்றையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள்ளிருந்து எடுத்து என் முன்னால் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினார். முகாம் அட்டையின்படி அவருக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. அந்த அதிகாரிமேல் அவருக்குத் தனி மரியாதை.

“இதைப் பார்த்து எழுதுங்கோ. இவர் நல்ல மனிசன்.”

“அம்மா, அறுபது ஆனாத்தான் முதியோர் திட்டத்திலை பேர் வரும்.”

“அப்ப எனக்கு முதியோர் வேண்டாம்” என்று தகரத்தை மூடினார்.

நான் அப்போது மன்னாரில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். மாகாணத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் சனத்தொகை முதுமையடைந்து வருகிறது. பல மதத்தவரும் பல இடங்களில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு கிராமத்துக்கும் முதியோருக்கான ஒரு திட்டம் மூன்று கிழமைக்குள் வேண்டும். எங்கள் சேர், அதாவது பிரதேச செயலாளர், அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“உமக்குத் தமிழ் டைப்பிங் தெரியும்தானே?”

“ஓம் சேர்.”

“அப்ப நீர்தான் செய்ய வேணும்.”

இவ்வாறுதான் நான் முதுமை பற்றிய நிபுணரானேன். வயது இருபத்தாறு.

எனக்குத் தந்த கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்குள்ளவர்கள் இன்றைக்கும் பஸ் ஏறி வந்து என்னிடம் நியாயம் கேட்கக்கூடியவர்கள். தோட்டவெளி தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கவேண்டும். கடற்கரைப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்கள். பள்ளிவாசலைச் சுற்றிப் புத்தளத்திலிருந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள். பனங்காணிகளுக்கு அப்பால் பிள்ளையார் கோயிலடியில் வயற்கமமும் கூலிவேலையும் செய்கிற இருபது வீடுகள். மூன்று பகுதியினரும் இருபது வருடமாக வெவ்வேறு ஊர்களில் இருந்துவிட்டு வந்ததால், ஒருவர் பேச்சில் மற்றவருக்குத் தெரியாத சொற்கள் கிடந்தன. மீன் விற்கிற அந்த அம்மா “கெதியா” என்பதற்கு முகாமில் பழகியபடி “சீக்கிரம்” என்பார். பள்ளிவாசலடித் தையல்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், இடைக்கிடை சிங்களத்தில் எண்ணுவார். ஆனால் பகிடி விட்டுச் சிரிக்கும்போது எல்லோருக்கும் ஒரே பாஷைதான்.

சுற்றறிக்கையோடு ஒரு படிவமும் மாதிரித் திட்டம் ஒன்றும் வந்திருந்தன. முதியோர் பகற் பராமரிப்பு நிலையம்: ஒரு மண்டபம், பத்துக் கதிரை, ஒரு தொலைக்காட்சி, விளையாட ஒரு கரம்போட். முதியோரைக் கூட்டி அவர்களின் கருத்தைக் கேட்டு, கையொப்பம் வாங்கி அனுப்பினால் போதும்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கவே நான்கு நாள் போனது. வெள்ளிக்கிழமை ஜும்மா. ஞாயிறு பூசை. செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயிலடியில் ஒருவருக்கு ஆகாதாம். ஏன் என்று கேட்டேன், அது அவருடைய தாயின் காலத்திலிருந்தே ஆகாது என்றார். சனிக்கிழமை எனக்கு ஆகாது. கடைசியில் புதன்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று. எந்த மதத்துக்கும் புதன்கிழமையோடு கோபமில்லை. இடத்துக்கு, “கோயில் மண்டபத்தில்” என்று அறிவித்தல் எழுதி ஒட்டினேன். அங்கே தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பதை யோசிக்கவில்லை. எந்தக் கோயில் என்று கேட்டு எனக்கு ஏழு பேர் போன் எடுத்தார்கள். பாடசாலை மண்டபத்துக்கு மாற்றினேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு மண்டபத்தில் நானும், இரவல் வாங்கிய முப்பது கதிரைகளும், ஒரு தட்டு றோல்ஸும் இருந்தோம். எல்லோருக்கும் பொருந்த வேண்டுமென்று மரக்கறி றோல்ஸ். பதினொரு மணிவரை ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு ஆடு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனது. எனக்கு அழுகை வருவது போல இருந்தது. றோல்ஸில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் போனேன். எந்த வீட்டிலும் முதியவர்கள் இல்லை. எதிர்ப்பட்ட ஒரு இளம் தாய் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“அவையள் எல்லாரும் வேலைக்குப் போட்டினம் மிஸ். விடியப் பஸ்ஸிலை நிண்டா எல்லாரையும் பிடிக்கலாம்.”

அடுத்த நாள் விடிய மன்னார் டவுனிலிருந்து வெறுமையாகக் கிளம்பும் அந்த பஸ்ஸில் நானும் ஏறிப் போனேன். கடைசித் தரிப்பில் திருப்பி நிறுத்தினார்கள். யன்னலால் பார்த்தேன். என்னுடைய சனத்தொகை முழுவதும் கீழே மணலில் நின்றது.

கீழே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வருடந்தான் அந்தத் தெருவுக்குத் தடிப்பான தார்க் காப்பெற் போட்டிருந்தார்கள். அருமையான தெரு. ஆனால் தெரு உயர்ந்துவிட்டது, ஓரத்து மணல் உயரவில்லை. தெருவில் நின்ற பஸ்ஸின் மிதிபலகை, மணலில் நின்றவர்களுக்கு ஏறக்குறைய இடுப்பளவில் இருந்தது.

முதலில் மீன்கார அம்மாவின் அலுமினியப் பேசின் ஏறியது. பிறகு அவர் ஏற வேண்டும். பிள்ளையார் கோயிலடியில் கல் கட்டுகிற மேசன் ஐயா முன்னாலே ஏறி நின்று ஒரு கையைப் பிடித்து இழுத்தார். தையல்கார நானா அந்நியப் பெண்ணைத் தொடமாட்டார். அதற்காகச் சும்மாவும் நிற்கமாட்டார். தன் குடையின் வளைந்த பிடியை நீட்டினார். அம்மா ஒரு கையால் மேசனையும் மறுகையால் குடையையும் பற்றி, “மடு மாதாவே!” என்று ஒரு சத்தம் போட்டு மேலே வந்து சேர்ந்தார். இது தினமும் நடப்பதாம். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளினிக் கொப்பிகளோடு நின்ற மற்றவர்களும் அதே வழியால் ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். கொண்டக்டர் மட்டும், “கெதியா, கெதியா” என்றார்.

பஸ் ஓடத் தொடங்கியதும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிவத்தை விரித்தேன். என் வாழ்க்கையில் நான் தலைமை தாங்கிய முதலாவது கூட்டம் அதுதான்.

“உங்கடை ஊரிலை முதியோருக்கு என்ன தேவை? பகல்லை இருக்க ஒரு நிலையம் கட்டலாம் எண்டு யோசினை. கரம்போட் எல்லாம் வரும்.”

நானா முதலில் பேசினார். டவுனில் ஒரு புடவைக்கடை வாசலில் அவருடைய மெசின் இருந்தது.

“மகள், எங்களைக் கொண்டுபோய் கதிரையில இருத்தினா, அந்தப் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் ஆரு தைக்கிற?”

“உங்களைப் பராமரிக்கிறது ஆர் எண்டும் ஒரு கேள்வி இருக்கு” என்றேன், குரல் கொஞ்சம் இறங்கி.

மேசன் ஐயா யோசித்தார். “என்னையோ? ஒருத்தருமில்லை. நான் பராமரிக்கிற ஆக்களை எழுத இடமிருக்கோ? மகள், மருமோன், மூண்டு பேரப்பிள்ளையள், ரெண்டு மாடு.”

இடமில்லை. படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். பஸ் குலுங்கியதில் மாடு மடு ஆகிவிட்டது.

அதற்குள் மீன்கார அம்மா முன் ஆசனங்களைக் காட்டினார். ஒன்றுக்கு மேலே மதகுருமாருக்கு என்று எழுதியிருந்தது. இன்னொன்றுக்கு மேலே கர்ப்பிணித் தாய்மாருக்கு.

“நான் சுவாமியுமில்லை, பிள்ளைத்தாச்சியுமில்லை. நான் எங்கை இருக்கிறது? அதை எழுதுங்கோ.”

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். மதகுரு ஆசனத்தில் உண்மையாகவே ஒரு பாதர் இருந்தார். அவர் உடனே எழும்பி, “இருங்கோ அம்மா” என்றார். அம்மா தன் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு, “வேண்டாம் சுவாமி, பிறகு உங்களுக்கு மீன் மணக்கும்” என்று மறுத்தார். பாதர் இருக்க முடியாமலும் நிற்க முடியாமலும் டவுன்வரை அரைகுறையாகக் குனிந்தபடியே வந்தார்.

“இருக்கிறது பிறகு. முதல்லை ஏறுற வழியைப் பாருங்கோ. அந்தப் படியைக் குறைக்கேலாதோ?” என்றார் அம்மா.

“பஸ்ஸைக் குறைக்கேலாது” என்றார் மேசன் ஐயா. “நிலத்தைக் கூட்டலாம். ஒண்டரை அடிக்கு ஒரு மேடை கட்டி, ரெண்டு படி வைச்சாச் சரி. நான் கட்டித் தருவன்.”

எல்லோரும் ஓம் என்றார்கள். மேட்டுப்பாலம் தாண்டி டவுன் வரும்போது எனக்கு இருபத்திரண்டு கையொப்பங்கள் கிடைத்துவிட்டன. அதில் ஒன்று கொண்டக்டருடையது. அவருக்கு வயது முப்பதுக்கு மேலிராது. தானும் ஒருநாள் கிழவனாவேன்தானே என்றார்.

சேர் என் திட்டத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“படியா?”

“ஓம் சேர்.”

“இதிலை மூண்டு வகைதான் இருக்கு. கட்டடம், பயிற்சி, உபகரணம். படி எண்டு ஒரு வகை இல்லை.”

நான் படிவத்தின் பின்பக்கத்தையும் புரட்டித் தேடினேன். கடைசியில் அவரே பென்சிலால் கட்டடம் என்ற கூட்டுக்குள் சரி போட்டார். உயரம் என்ற இடத்தில், ஒன்றரை அடி. இரண்டு கிழமையில் மாகாணத்திலிருந்து கடிதம் வந்தது: மேற்படி கட்டடத்தில் எத்தனை அறைகள், கூரை எவ்வகையானது, மலசலகூடம் எத்திசையில்? அறை இல்லை, கூரை வானம் என்று எழுதப்போன என்னைச் சேர் தடுத்து, “திறந்தவெளி அமைப்பு” என்று எழுதச் சொன்னார். அந்தச் சொல் வேலை செய்தது. அனுமதி வந்தது.

மேசன் ஐயா சொன்னபடியே கட்டினார். ஒவ்வொரு வரிசை கல்லுக்கும் மீன்கார அம்மாவை வரச்சொல்லி, ஏறி இறங்கச் செய்து அளவு பார்த்தார். பெயின்ற் விஷயத்தில்தான் பிணக்கு வந்தது. பச்சை அடித்தால் ஒரு பகுதி, நீலம் அடித்தால் இன்னொரு பகுதி, காவி அடித்தால் மற்றது. மூன்று நாள் பேசி, ஒருவரும் உரிமை கொண்டாடாத நிறமாக மண்ணிறம் அடித்தார்கள். அது மணலோடு மணலாகக் கலந்து, முதல் கிழமையில் இரண்டு பேர் அதில் தடுக்கி விழுந்தார்கள். பிறகு ஓரத்துக்கு வெள்ளைக்கோடு போட்டோம்.

திறந்த நாள் காலையில் நானும் போயிருந்தேன். எல்லோரும் மேடையில் வரிசையாக, படம் எடுக்க நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். பஸ் வந்தது. வழக்கமான இடத்தில், மேடைக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்றது. ஒருவரும் அசையவில்லை. டிரைவர் ஹோர்ன் அடித்தார். மீன்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார்:

“அரசாங்கம் இஞ்சைதான் நிக்கச் சொல்லி இருக்கு. நீங்கள் வாங்கோ!”

பஸ் பின்னுக்கு வந்தது. நானா குடையை விரிக்காமல், நீட்டாமல், கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுப்படி ஏறுவது போல ஏறினார். அம்மா தானாகவே ஏறித் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கைதட்டிவிட்டேன். ஒன்றரை அடிக்கு இவ்வளவா என்று என்னையே கேட்டுக்கொண்டு, நானும் ஏறினேன்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாகாணத்தாருக்குத் திறந்தவெளி அமைப்பு பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருடத் திட்டத்தில், கிராமத்துக்கு ஒன்று என்று மேடை கட்டச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். பஸ்ஸே போகாத ஒரு கடற்கரைக் கிராமத்துக்கும் ஒன்று கிடைத்தது. மேற்பார்வைக்கு நான் போனபோது, அதன்மேல் யாரோ கருவாடு காயப்போட்டிருந்தார்கள். நான் வெட்கத்தோடு நின்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, கோபமில்லாமல், கையில் ஒரு மனுவோடு கேட்டார்:

“பஸ் ஏறுற மேடை கட்டித் தந்திட்டியள். நன்றி. இனி பஸ் எப்ப விடுவியள்?”

அந்த மனுவைச் சேரிடம் கொடுத்தேன். மேடை இருக்கும் இடத்துக்கு பஸ் இல்லை என்பது கணக்காய்வில் கேள்வியாகும் என்று அவர் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். எட்டு மாதம் கழித்து அந்த ஊருக்கு, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக பஸ் ஓடத் தொடங்கியது. கருவாட்டை அதன்பிறகு பக்கத்து மதிலில் காயப்போட்டார்கள் என்று கேள்வி.